ஐந்தாம் வாரத்து மொட்டு

1996-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே வேலையைச் செய்தன. ஜிடிஎன்எஃப் என்ற புரதத்துக்கான மரபணுவை எலிகளிடமிருந்து நீக்கின. பார்க்கின்சன் நோயில் அழியும் நரம்பு செல்களை வாழவைக்கும் புரதம் என்று அதற்கு நல்ல பெயர். அதை எடுத்துவிட்டால் மூளையில் பெரிய குளறுபடி தெரியும் என்பது எதிர்பார்ப்பு. பிறந்த குட்டிகளின் மூளையில் அந்த செல்கள் நலமாகவே இருந்தன. சிறுநீரகங்களைத்தான் காணோம். பிறந்த சிறிது நேரத்திலேயே குட்டிகள் இறந்துபோயின.

நரம்பைத் தேடிப் போனவர்களுக்குச் சிறுநீரகத்தின் தொடக்கப்புள்ளி கிடைத்தது. மனிதக் கருவிலும் கதை இதுதான். கரு உருவாகி நான்கு வாரம் முடிந்து ஐந்தாவது தொடங்கும் சமயம். தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலருக்குச் சந்தேகம்கூட வந்திருக்காது. அப்போது கருவின் கீழ்ப்பகுதியில் ஓடும் ஒரு மெல்லிய குழாயிலிருந்து பக்கத்துக்கு ஒரு மொட்டு முளைக்கிறது. அருகிலுள்ள திசு ஜிடிஎன்எஃப்-ஐச் சுரந்து ‘இங்கே வா’ என்று கூப்பிடுகிறது. மொட்டின் செல்களில் இருக்கும் ரெட் என்ற ஏற்பி அந்த அழைப்பைக் கேட்கிறது. திசுவுக்குள் புகுந்த மொட்டு இரண்டாய், நான்காய், எட்டாய்க் கிளைக்கிறது. ஒவ்வொரு கிளை நுனியிலும் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் உருவாகின்றன. மொட்டின் காம்பே பின்னால் சிறுநீர்க்குழாய் ஆகிறது.

மொட்டே முளைக்காவிட்டால் அந்தப் பக்கம் சிறுநீரகம் இல்லை. திசுவோடு சரியாகப் பேச்சு நடக்காவிட்டால் செயல்படாத, நீர்க்கட்டிகள் நிறைந்த ஒரு சதைத் துண்டு. இரண்டு மொட்டு முளைத்தால் ஒரே சிறுநீரகத்துக்கு இரண்டு குழாய். எனக்கு மிக வியப்பூட்டுவது நான்காவது வகைக் கோளாறு: மொட்டு முளைக்கிறது, ஆனால் கொஞ்சம் இடம் தவறி. மக்கீ, ஸ்டீஃபன்ஸ் என்ற இருவர் 1975-ல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையில் தவறான இடத்தில் திறந்தால், மேலே அதோடு இணைந்த சிறுநீரகத் திசுவும் பழுதாக இருக்கிறது. கீழே துவாரம் இடம் மாறியதும் மேலே சிறுநீரகம் கெட்டதும் தனித்தனி விபத்துகள் அல்ல. இரண்டுமே மொட்டு முளைத்த இடத்தின் விளைவு. குழந்தைகளுக்கு அடிக்கடி காய்ச்சலோடு நீர்த்தொற்று வரக் காரணமாகும் ‘ரிஃப்ளக்ஸ்’, அதாவது சிறுநீர் பின்னோக்கிப் பாய்வதும் பெரும்பாலும் இந்த இடப்பிசகில் தொடங்குவதுதான்.

இப்படிப்பட்ட பிறவிக் குறைகள் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 3 முதல் 6 பேருக்கு இருக்கின்றன. பலருக்கு வாழ்நாள் முழுவதும் தொந்தரவே இல்லை. ஆனால் சிறு வயதில் சிறுநீரகம் செயலிழக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேர்க் காரணம் இதுதான்.

ஏன் பிசகுகிறது? இதுவரை 40-க்கும் மேற்பட்ட மரபணுக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். பேக்ஸ்2 பழுதானால் சிறுநீரகத்தோடு கண்ணும் பாதிக்கப்படலாம். ஈயா1 என்றால் காது. காதருகே ஒரு சிறு குழி இருப்பதைப் பார்த்தே சில மருத்துவர்கள் வயிற்றுக்கு ஸ்கேன் எழுதுவார்கள். எச்என்எஃப்1பி என்றால் சிறுநீரக நீர்க்கட்டிகளோடு இளம் வயதுச் சர்க்கரை நோயும் வரலாம். ஆனாலும் ஒற்றை மரபணுவைக் கைகாட்ட முடிவது பத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளிடம்தான். அங்கேயும் கணக்கு நேராக இல்லை. ஒரே பழுது தந்தைக்கும் மகனுக்கும் இருக்கும். மகனுக்கு டயாலிசிஸ் தேவைப்படும், தந்தைக்கோ வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தன் ஒரு சிறுநீரகம் சிறுத்திருப்பதே தெரியவரும். ரிஃப்ளக்ஸ் இருக்கும் குழந்தையின் உடன்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அதே பிரச்சினை காணப்படுகிறது.

மரபணுவுக்கு வெளியே உறுதியாகத் தெரிந்த காரணங்கள் கொஞ்சம்தான். கருத்தரிக்கும் முன்பே தாய்க்கு இருக்கும், கட்டுக்குள் வராத சர்க்கரை அவற்றில் முக்கியமானது. இன்னொன்று பிரஷர் மாத்திரை. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டான் வகையறாக்கள் நம் ஊர் மருந்துக் கடைகளில் தினமும் விற்பவை. கர்ப்பத்தின் நடுமாதங்களிலும் பின்மாதங்களிலும் இவை கருவின் சிறுநீரக வளர்ச்சியைக் கெடுத்து, அது சிறுநீர் சுரப்பதையே குறைத்துவிடுகின்றன. பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர் என்பதால் நீர் வற்றுகிறது. நீர் வற்றினால் நுரையீரலும் விரிந்து வளராது. பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொன்னால் லபெட்டலால் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்துவதும் ஆபத்து.

மற்றபடி, ஐந்தாம் மாத ஸ்கேனில் “கிட்னியில் நீர் கோத்திருக்கு” என்று கேட்டதும் கிரகணத்தில் வெளியே போனாயா, பப்பாளி தின்றாயா என்று மாமியார் முதல் பக்கத்து வீடு வரை நடக்கும் விசாரணைக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த மொட்டு முளைத்தபோது, தான் கர்ப்பம் என்பதே தெரியாத பெண்ணை எதற்கு நிறுத்திக் கேள்வி கேட்பது?

நீர் கோத்திருப்பது நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் தெரிகிற சங்கதி. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் பிறந்த பிறகு ஒரு ஸ்கேன் வேண்டும். முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரக்கும். வீக்கம் வடிந்ததுபோல ஏமாற்றும். அதனால் அந்த இரண்டு நாள் கழித்துத்தான் பொதுவாக எடுக்கிறார்கள். ஆண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் வீங்கி, சிறுநீர்ப்பையும் பெருத்திருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தாரையில் ஒரு சவ்வு வால்வு போல வழியை அடைத்திருக்கலாம். இது ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது. உள்நோக்கிக் கருவியால் அதை வெட்டிவிட முடியும். சிறுநீர் பீய்ச்சி அடிக்கிறதா, சொட்டுச் சொட்டாக வடிகிறதா என்று துணி மாற்றும் பாட்டிதான் முதலில் கவனிப்பார். பீய்ச்சி அடித்தாலும் வால்வு இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. எம்.சி.யூ. என்று சீட்டில் எழுதித் தரும் எக்ஸ்ரே, சிறுநீர்ப்பையில் மருந்து நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போதே எடுக்கப்படுவது. அடைப்பு இருக்கும் இடம் அதில் தெரிந்துவிடும்.