நாயர் பெண்ணாக நடித்த ரோசி! திரை மீது கல்வீச்சு!

மலையாளத்தின் முதல் படம் "விகதகுமாரன்". ஊமைப்படம். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி.டேனியல் நிலத்தை விற்று எடுத்தார். திருவிதாங்கூர்ச் சிறுவனை வில்லன் இலங்கைக்குக் கடத்திப் போக, அவன் அங்கே தோட்டக் கூலியாக வளர்கிறான். இதுதான் கதை.

நாயகி பி.கே.ரோசி, புல் அறுத்துப் பிழைத்த தலித் பெண். படத்தில் நாயர் பெண் வேடம்! முதல் காட்சியில் அவருக்கே இடமில்லை.

1930 வாக்கில் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் ஓடியதுமே மேல்சாதிக்காரர்கள் கொதித்தார்கள். கல் பறந்தது. திரை கிழிந்தது. ரோசியின் குடிசையும் எரிந்தது.

உயிருக்குப் பயந்து நாகர்கோவிலுக்கு ஓடிய ரோசி அப்புறம் நடிக்கவேயில்லை. டேனியல் பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து, 1975ல் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு விருது 1992ல் வந்தது.

ரோசி நடித்த ஒரே படம். அதன் சுருளும் மிஞ்சவில்லை.