கைக்கு அடக்கமா ஒரு தக்கை!

கார்க் பால்ல கிரிக்கெட் ஆடி முட்டியைப் பேர்த்துக்கிட்ட ஆளா நீங்க? அப்போ இந்தக் கட்டுரையோட ஹீரோ உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான். ஷட்டில்காக்கோட குண்டுத் தலை, கெமிஸ்ட்ரி லேப்ல டெஸ்ட் டியூப் வாயை அடைக்கிற கட்டை, பழைய பாட்டில் மூடி... எல்லாமே கார்க். தமிழ்ல தக்கை. நம்ம ஊர்க் குளத்தங்கரையில தூண்டில் போடறவங்களைக் கேட்டா, நூல்ல கட்டி மிதக்கவிடற சமாச்சாரத்துக்கும் தக்கைன்னுதான் பேர் சொல்வாங்க. அது முங்கினா மீன் கடிச்சிருச்சுன்னு அர்த்தம்.

அந்தத் தக்கை நூல்ல மிதக்காம, தூண்டில் கோலோட கைப்பிடியா மாறினா? அதைப் பத்திதான் இந்த வாரம். 'மீன் பிடிக்கிற குச்சிக்குக் கைப்பிடி செய்யறதெல்லாம் ஒரு மேட்டரா பாஸ்?'னு பக்கத்தைத் திருப்பக் கை போகுதா... ஒரு நிமிஷம். லேத் முன்னாடி நின்னு மைல்டு ஸ்டீலைச் சீவிட்டு, கையெல்லாம் கூலன்ட் வாசனையோட மெஸ்ஸுக்குப் போய் தட்டு ஏந்தின மெக்கானிக்கல் ஜனங்க கண்டிப்பா படிக்கணும். ஏன்னா, நாம கத்துக்கிட்ட லேத் வித்தையில பாதி இங்கே செல்லாது.

அமெரிக்காவுல சொந்தத் தூண்டிலைத் தானே கட்டிக்கிறது பல பேருக்குப் பெரிய பொழுதுபோக்கு. கடையில கார்பன் ஃபைபர்ல செஞ்ச வெறும் கோல் கிடைக்கும். அதுக்குப் பேர் பிளாங்க். அடி தடிச்சு நுனி மெலிஞ்சு, உள்ளே பொள்ளலா இருக்கும். அதை வாங்கி நூல் ஓடற வளையங்களைக் கட்டி, ரீல் உட்காரும் இடத்தைப் பொருத்தி, கைப்பிடி வெச்சாத்தான் அது தூண்டில். முக்கியமா 'ஃப்ளை ஃபிஷிங்' ஆளுங்க இதுல ரொம்பத் தீவிரம். இறகையும் நூலையும் முள்ளுல சுத்திப் பூச்சி மாதிரி ஜோடிச்சு, அதை ஓடைத் தண்ணி மேல இறக்கி, ட்ரவுட் மீனை ஏமாத்தறது அவங்க வேலை. (ட்ரவுட்டுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெள்ளைக்காரங்க நூறு வருஷத்துக்கும் முன்னாடியே நீலகிரி ஓடைகள்ல அதைக் கொண்டுவந்து விட்டுட்டாங்க.)

அந்தப் பொய்ப் பூச்சிக்கு எடையே கிடையாது. கல்லைக் கட்டி எறியற மாதிரி எறிய முடியாது. கனமான நூலைத்தான் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் சுழட்டி வீசணும். ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான தடவை! மீனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருக்கிற அத்தனை பொருள்லயும் கை படற இடம் அந்த ஏழு இஞ்ச்தான். அது சரியில்லைன்னா சாயங்காலம் உள்ளங்கையில கொப்புளம்.

எவரெட் காரிசன்னு ஒருத்தர். படிப்பால இன்ஜினீயர், மனசால மூங்கில்காரர். மூங்கிலைப் பிளந்து ஒட்டித் தூண்டில் கோல் செய்றதுல அமெரிக்காவுல பெரிய பேர். கோல் எந்த இடத்துல எவ்வளவு தடிமன் இருக்கணும்னு ஸ்ட்ரெஸ் கணக்குப் போட்டே முடிவு பண்ணினவர். 1975-ல அவர் காலமானதுக்கு அப்புறம், 1977-ல வந்த அவரோட புத்தகம் இன்னிக்கும் மூங்கில் கோல்காரங்களுக்குப் பாடப்புத்தகம். சரி, கோல் எப்படி வளையணும்கிறதை இப்படிக் கணக்குல பிடிச்சுடலாம். உங்க கட்டைவிரல் எங்கே சாயப் பிரியப்படுதுங்கிறதை எந்த ஃபார்முலாவுல பிடிக்கறது?

இப்போ மரத்துக்கு வருவோம். கார்க்ங்கிறது ஒரு வகை ஓக் மரத்தோட பட்டை. உலகத்துக் கார்க்ல பாதி அளவு போர்ச்சுகல்லேர்ந்து வருது. மரத்தை வெட்ட மாட்டாங்க. கோடையில கோடாலியால கீறி, மரத்துக்குக் காயம் படாம பட்டையை மட்டும் உரிச்சு எடுப்பாங்க. அது மறுபடி வளரும். உரிச்ச வருஷத்தோட கடைசி எண்ணை அடிமரத்துல பெயின்ட்ல எழுதிடுவாங்க. '4'னு இருந்தா 2024-ல உரிச்சதுன்னு கணக்கு. அடுத்த உரிப்பு 9 வருஷம் கழிச்சுத்தான், அதுக்கு முன்னாடி கை வைக்கச் சட்டம் விடாது.

முதல் உரிப்புக்கே மரம் கிட்டத்தட்ட 25 வயசு தாண்டணும். அந்தப் பட்டை கரடுமுரடா இருக்கும், உதவாது. ரெண்டாவதும் சுமார்தான். மூணாவது உரிப்புலதான் நல்ல தக்கை. 25 கூட்டல் 9 கூட்டல் 9... 43 வருஷம்! உங்க வயசுல அந்த மரம் முதல் கோடாலியையே பார்த்திருக்காது. அப்படி வர்றதுலயும் முதல் தரம் ஒயின் பாட்டில் அடைப்பானுக்குப் போயிடும். மிச்சத்துலதான் தூண்டில்காரங்க பொறுக்கணும்.

கடையில இது வளையமா வரும். குறுக்களவு ஒண்ணேகால் இஞ்ச், தடிமன் அரை இஞ்ச், நடுவுல கால் இஞ்ச் ஓட்டை. பார்க்க உளுந்து வடை மாதிரியே இருக்கும். ஏழு இஞ்ச் கைப்பிடிக்கு 14 வடை... ஸாரி, வளையம். அதைக் கையில எடுத்துப் பாருங்க. அங்கங்கே பழுப்பா சின்னச் சின்னக் குழி தெரியும். மரம் மூச்சுவிட்ட துவாரங்கள் அவை. குழி கம்மின்னா உயர்ந்த ரகம், விலையும் ஏறும். மலிவு ரகத்துல தக்கைத்தூளையும் பசையையும் குழைச்சுக் குழியை அடைச்சு, வழவழன்னு ஆக்கி வித்துடுவாங்க. புதுசுல கண்ணுக்கே தெரியாது. ரெண்டு சீசன் தண்ணியில நனைஞ்சு காய்ஞ்சா அடைப்பு உதிர்ந்து அம்மைத் தழும்பு மாதிரி ஆயிடும். அதனால தேர்ந்தவங்க 14-க்கு 20 வாங்கி, சுத்தமான வளையங்களைக் கட்டைவிரலும் உள்ளங்கையும் படற இடத்துக்குன்னு ஒதுக்கிக்குவாங்க.

அடுத்து ஒட்டறது. மரை போட்ட ஒரு கம்பிக்கு நல்லா மெழுகு பூசிக்கணும், இல்லைன்னா கம்பியும் சேர்ந்து ஒட்டிக்கும். தண்ணியில விடாத மரப்பசையை ஒவ்வொரு வளையத்துலயும் மெல்லிசா தடவி, கம்பியில கோத்து, ரெண்டு பக்கமும் வாஷர், நட் போட்டு இறுக்கணும். 'இறுக்கணும்'னதும் ஹாஸ்டல் குழாயைத் திருகற மாதிரி திருகிடாதீங்க. மெட்டீரியல்ஸ் பேப்பர்ல பாய்சான் ரேஷியோ படிச்சது ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் அமுக்கினா ரப்பர் பக்கவாட்டுல பிதுங்கும். தக்கைக்கு அந்தக் குணம் அநேகமா சைபர். காத்தடைச்ச குட்டிக் குட்டி அறைகளால ஆன உடம்பு அது. (1665-ல ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்ல பார்த்து 'செல்'னு பேர் வெச்சாரே, அது இந்த அறைகளுக்குத்தான்.) அமுக்கினா அறைகள் மடங்கிக் குள்ளமாகுமே ஒழிய, பிதுங்கி உங்களை எச்சரிக்காது. நீங்க முறுக்கிட்டே போவீங்க, உள்ளே இருக்கிற பசை முழுக்க வெளியே ஓடியிருக்கும். பசை லேசா எட்டிப் பார்க்கறப்போ நிறுத்திட்டு, ஒரு நாள் அப்படியே விட்டுடணும்.

பசை கூடினாலும் வம்புதான். காய்ஞ்ச பசை தக்கையை விடக் கெட்டி. தேய்க்கும்போது தக்கை சீக்கிரம் கரையும், பசைக்கோடு கரையாது. கடைசியில அரை இஞ்சுக்கு ஒரு வரப்பு நெருடும். பார்க்க அழகான கைப்பிடி, பிடிச்சா எலும்புக்கூட்டோட விலா.

இனிதான் லேத். உளியை மூட்டை கட்டிடுங்க. தக்கையில உளி வெச்சா பெரும்பாலும் சீவாது, குழி ஓரத்துல பிடிச்சுத் துண்டாப் பிய்க்கும். இங்கே ஆயுதம் உப்புத்தாள், நம்ம வொர்க்‌ஷாப் பாஷையில எமரி ஷீட். முதல்ல 80-ம் நம்பர். ரெண்டு முனையையும் பிடிச்சு, ஷூ பாலிஷ் போடறவர் துணியை இழுக்கிற மாதிரி இழுத்தா உருளை வடிவம் வரும். அப்புறம் 120, 220, கடைசியா 400. வேகத்தைக் கூட்டாதீங்க, சூடு ஏறினா பசை இளகும். மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. லேத் இல்லாதவங்க கை டிரில்லை மேஜையோட கட்டிவெச்சே முடிச்சுடறாங்க.

வடிவத்துல பல சாதி உண்டு. ரெண்டு முனையும் குமிழ்ந்து நடுவுல ஒடுங்கினா ஃபுல் வெல்ஸ். கனமான நூல் வீசறவங்களுக்கு இது, முன் மேட்டுல கட்டைவிரலை ஊன்றித் தள்ளலாம். ரெண்டு முனையும் மெலிஞ்சு நடுவுல புடைச்சா சிகார். சின்ன ஓடைக்கு, லேசான கோலுக்கு அது போதும். முனையில பர்ல் கார்க்னு தூளை அழுத்திச் செஞ்ச கறுப்பு வளையத்தைச் சேர்ப்பாங்க. விளிம்பு உடையாம காக்குங்கிறது நிஜம். நடுவுலயும் வரிவரியா போட்டு வரிக்குதிரை ஆக்கறது என்னைக் கேட்டா வெறும் பந்தா. அது கெட்டி, பக்கத்துல இருக்கிற தக்கை மிருது. வெறும் கையால தாளைப் பிடிச்சா மிருதுவானது பள்ளமாயிடும். தாளுக்குப் பின்னாடி ஒரு கட்டையை வெச்சுத்தான் தேய்க்கணும்.

இங்கேதான் நம்ம படிப்பு காலை வாரும். டிராயிங்ல 25 மி.மீ. போட்டிருந்தா, வெர்னியர்ல 25 வர்ற வரைக்கும் சீவறதுதான் நமக்குத் தெரியும். கைப்பிடி செய்யறவங்க ஒரு மி.மீ. முன்னாடியே லேத்தை நிறுத்திடுவாங்க. கண்ணை மூடிக்கிட்டு, வீசற மாதிரியே பிடிச்சுப் பார்ப்பாங்க. சுண்டுவிரல் எங்கேயாவது இடம் தேடுதா? அங்கே மட்டும் நாலு இழுப்பு. மறுபடி நிறுத்தல், மறுபடி பிடித்தல். 220-ம் 400-ம் தேய்க்கும்போதே இன்னும் கொஞ்சம் குறையும், அந்தக் கணக்கும் மனசுல ஓடணும். இரும்புல அளவு தப்பினா இன்னொரு ராடு எடுத்துக்கலாம். இங்கே ஒரு இழுப்பு கூடிப்போனா, யாரோ ஒருத்தர் போர்ச்சுகல் வெயில்ல 9 வருஷம் காத்திருந்து உரிச்சது தூளாப் போச்சு. திரும்ப ஒட்ட முடியாது.

1990-கள்லேர்ந்து ஒயின் பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் அடைப்பானும் திருகு மூடியும் பரவ ஆரம்பிச்சப்போ அந்தக் காடுகளுக்கே கவலை வந்துச்சு. பட்டைக்கு விலை இருந்தாத்தான் நிலத்துக்காரர் மரத்தை வெச்சிருப்பார். அந்த மரங்களை நம்பித்தான் அங்கே ஐபீரிய லிங்க்ஸ் பூனை மாதிரி அபூர்வ ஜீவன்களும் இருக்கு. போர்ச்சுகல் 2011-ல கார்க் ஓக்கைத் தேசிய மரமா அறிவிச்சது. தூண்டில்காரங்க வாங்கற கார்க் இதுல கடுகளவுதான். ஆனா ஃபேக்டரித் தூண்டில்கள்ல ஃபோம் கைப்பிடி வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், கையால கட்டறவங்க தக்கையை விடறதா இல்லை. நனைஞ்சாலும் வழுக்காது, குளிர்ல சில்லிடாது, எடையும் இல்லை.

மிச்சம் இருக்கிறது பொருத்தற வேலை. கோல் அடியில தடிச்சிருக்கிறதால ஓட்டையையும் அதே சரிவுக்கு உருண்டை அரத்தால ராவணும். நடு விலகினா கைப்பிடி கோணல்தான். மெலிஞ்ச முனை வழியா நுழைச்சு, அடிப்பக்கம் கெட்டியா வந்து உட்கார்ற வரைக்கும் போட்டுப் பார்த்துப் பார்த்து ராவி, கடைசியா எபாக்ஸி தடவி நிறுத்தினா முடிஞ்சது.

ஒரு விஷயம். கடையில வாங்கற புதுத் தூண்டில்ல கைப்பிடி மேல பிளாஸ்டிக் உறை சுத்தியிருக்கும். டி.வி. ரிமோட்டுக்கு உறை போட்டு, அஞ்சு வருஷமாப் பிரிக்காம வெச்சிருக்கிற நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி, அங்கேயும் பல பேர் அதைக் கழட்டறதே இல்லையாம். உள்ளே தண்ணி புகுந்தா வெளியே போக வழியில்லாம தக்கை பூசணம் பிடிக்கும். முதல் நாளே பிரிச்சுப் போட்டுடணும். கைபட்டு அழுக்கேறினா? பாத்திரம் தேய்க்கிற சோப்பும் ஒரு ஸ்பாஞ்சும் போதும்.