பந்து ஆடும் பெண்ணுக்குப் பே-ஸ்லிப் உண்டா?

கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "ஸ்கூல்ல டிஸ்ட்ரிக்ட் வரைக்கும் ஆடினேன்க்கா" என்று சொல்ல ஒருத்தியாவது இருப்பாள். கால்பந்தோ கபடியோ, பிளஸ் டூவோடு அது நின்றிருக்கும். அதே கடலூரிலிருந்து ஆட்டத்தை விடாமல் போனவர்களும் உண்டு. இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களம் வரை போனார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆனது. மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்தியப் பெண்கள் லீகையே வென்றது. ஆகவே திறமை பற்றிய பேச்சு இங்கே தேவையில்லை.

காகிதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆறு மாதக் கான்ட்ராக்டில் செல்போன் பாகம் பொருத்தும் பெண்ணுக்குக்கூட வங்கியில் சம்பளம் ஏறுகிறது, பிஎஃப் பிடிக்கிறார்கள், இஎஸ்ஐ எண் இருக்கிறது. மாநிலத்துக்காக ஆடும் பெண்ணுக்குப் பல நேரம் கிடைப்பது பயணப்படி, சாப்பாடு, சீருடை, ஒரு சான்றிதழ். கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும் பெண்ணும், வேலையில் இருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை ஆடும் பெண்ணும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் கூடாது.

பிஃபா விதிப்படி தொழில்முறை ஆட்டக்காரர் என்றால், கிளப்போடு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகமாகப் பணம் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் அமெச்சூர்தான், இந்திய ஜெர்சியே போட்டிருந்தாலும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு 2023-ல் ஒரு முடிவு எடுத்தது. இந்தியப் பெண்கள் லீகில் ஆடும் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளையாவது ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பதே அது. மாதக் கணக்கில் சுமார் 26,600 ரூபாய். பதினோராவதாக அணியில் சேரும் பெண்ணின் நிலை என்ன என்று அந்த முடிவு சொல்லவில்லை. ஆகவே கிளப் அழைத்தால் முதல் கேள்வி, "நான் அந்தப் பத்தில் ஒருத்தியா?" என்பதாக இருக்கட்டும்.

ஒப்பந்தத் தாளில் பார்க்க வேண்டியவை சில. மாதச் சம்பளமா, சீசனுக்கு மொத்தமா? எந்தத் தேதியில் தொடங்கி எதில் முடிகிறது? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? ஆங்கிலத்தில் இருந்தால் படித்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிப் போங்கள். கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதக் கூடாது என்கிறது பிஃபா விதி. பரிசோதனையை முன்னாலேயே முடித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவரை மூன்று ஆண்டுக்கு மேல் கட்டிப்போடவும் முடியாது.

சம்பளம் நின்றால்? இரண்டு மாதப் பாக்கி ஆனதும் கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 15 நாளாவது அவகாசம் தர வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம் என்பது பிஃபாவின் விதி. வழக்கைக் கேட்க இந்தியக் கூட்டமைப்பில் வீரர் நிலைக் குழு இருக்கிறது. வாய்ப்பேச்சில் சேர்ந்தவருக்கு இந்த வழி அநேகமாக அடைத்துவிடும். "தம்பி நம்ம ஆளுதான், பாத்துக்குவாரு" என்று சொல்லிச் சேர்த்துவிடும் அண்ணன்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். பாக்கி கேட்கும்போது அவர்கள் போன் எடுப்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் கதை இங்கே பொருந்தும். அங்கே பல மாநிலங்களில் ஃபுட்பால் என்றால் நீள்வட்டப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் முரட்டு ஆட்டம். 2017 பிப்ரவரியில் பெண்களுக்கான தேசிய லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது, ஒரு சீசனுக்கு அடிமட்டச் சம்பளம் 8,500 டாலர். அதில் வயிறு நிறையாது. எல்லோரும் பகலில் வேறு வேலை பார்த்தார்கள். அந்த முதல் கோப்பையை வென்ற அடிலெய்ட் அணியில் ஹெதர் ஆண்டர்சன் என்று ஒருவர் ஆடினார். வேலை, ராணுவத்தில் மருத்துவப் பணியாளர். 2022 நவம்பரில் 28 வயதில் இறந்துபோனார். மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோய் இருந்ததை 2023-ல் அறிவித்தார்கள். தொழில்முறை விளையாட்டுப் பெண் ஒருவரிடம் அது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

அதே 2023-ல் வீரர்கள் சங்கம் பேரம் பேசி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. பெண்களின் சராசரிச் சம்பளம் 60,000 டாலர் ஆனது. 2027-ல் 82,000 ஆக வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். சங்க அங்கீகாரமும் கூலி உயர்வும் கேட்டு 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த பகுதிக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவிலும் கால்பந்து வீரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதில் சேர்ந்திருப்பது நல்லது.

உடம்புக்கு வருவோம். பெண்களுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடித்திருக்க மாட்டார்கள். ஓடிவந்து திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ "டப்" என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம். நம் ஊர் வழக்கப்படி உடனே புத்தூர் கட்டுக்கு ஓடுவோம். எலும்புக்கு நீங்கள் எதை நம்பினாலும் சரி, அறுந்த தசைநாரைக் கட்டுப் போட்டு ஒட்ட முடியாது. எக்ஸ்-ரேயிலும் அது தெரியாது. எம்ஆர்ஐ எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்தால், திரும்ப மைதானத்துக்கு வர ஒன்பது மாதமாவது ஆகும். ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் முறையாக வார்ம்-அப் செய்தால் இந்த ஆபத்து நன்றாகக் குறைகிறது. பிஃபா இதற்கென்றே ஒரு பயிற்சி முறையை இலவசமாகத் தருகிறது. ஹாஸ்டல் மொட்டை மாடியிலும் செய்யலாம்.

இங்கேதான் கம்பெனி வேலையும் ஆட்டமும் முட்டிக்கொள்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டு. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அடிபட்டாலும் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால், கூலியில் 70 சதவீதம் வரும். ஆனால் ஆண்டுக்கு 91 நாள்தான். ஏசிஎல்லுக்கு ஒன்பது மாதம், இஎஸ்ஐக்கு மூன்று மாதம். மீதி ஆறு மாதத்துக்கு வழி என்ன என்பதை அடிபடுவதற்கு முன்பே யோசித்து வையுங்கள்.

வேலையின்போது நேர்ந்த காயம் என்றால் கணக்கு வேறு. 90 சதவீதம் கிடைக்கும், அதற்கு 91 நாள் வரம்பு கிடையாது. சொந்த ஆசைக்கு ஆடிய ஆட்டம் இதில் வராது. ஆனால் நிர்வாகமே அனுப்பி, கம்பெனி பெயர் போட்ட சட்டையோடு ஆடிய போட்டியில் அடிபட்டால் கோருவதற்கு இடம் இருக்கிறது. அதற்கு எச்.ஆர். கையெழுத்திட்ட ஆன்-டியூட்டி கடிதம் வேண்டும். வாட்ஸ்அப்பில் "சண்டே மேட்ச், எல்லாரும் வந்துடுங்க" என்று வந்த செய்தியையும் அழிக்காதீர்கள். இஎஸ்ஐயில் நோய்ப் பயன் வாங்கும் நாட்களில் உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. லைன் லீடர் சொல்வது வேறாக இருக்கலாம்.

தலையில் அடிபட்டால் விதி ஒன்றுதான். அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. ஊர்மட்ட ஆட்டக்காரர்களுக்கு ஆஸ்திரேலியாவின் வழிகாட்டுதல், எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாள் கழிந்த பிறகே மோதல் உள்ள பயிற்சி, போட்டிக்கு 21 நாளாவது ஆக வேண்டும் என்கிறது. நமக்குக் கூடுதல் ஆபத்து ஒன்று இருக்கிறது. சாயங்காலம் தலையில் அடி வாங்கியவள் ராத்திரி ஷிப்டில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்பாள். தலைசுற்றல், வாந்தி, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூச்சம் என்றால் ஷிப்டுக்குப் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கல்யாணமும் குழந்தையும் வந்தால் ஆட்டம் முடிந்தது என்பது எழுதப்படாத சட்டம். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கேட்டில் கேட்கப்படும் அதே கேள்வி மைதானத்திலும் கேட்கப்படுகிறது. ஆலையில் 26 வாரப் பேறுகால விடுப்பு சட்டம். கால்பந்தில் 2021 ஜனவரி முதல் பிஃபா விதி 14 வாரம் தருகிறது, அதில் எட்டு வாரமாவது பிரசவத்துக்குப் பிறகு, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு. கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கவும் கூடாது. ஐஸ்லாந்து வீராங்கனை சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிருக்குக் கர்ப்ப காலத்தில் பிரான்ஸின் லியோன் கிளப் முழுச் சம்பளம் தரவில்லை. அவர் பிஃபா தீர்ப்பாயத்துக்குப் போய் 82,000 யூரோவுக்கு மேல் வாங்கினார். அவரிடம் ஒப்பந்தம் இருந்தது. மறுபடியும் அந்தத் தாள்தான்.

தாள் இல்லாதவருக்கும் துணை நிற்கும் சட்டம் ஒன்று உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம், பயிற்சி விடுதி எல்லாவற்றையும் பணியிடம் என்றே சொல்கிறது. சம்பளம் வாங்காத தன்னார்வலரும் பயிற்சி பெறுபவரும் அதில் பணியாளரே. கோச், மேனேஜர், செலக்டர், பிசியோ யார் அத்துமீறினாலும் இது பொருந்தும். "தசையைப் பார்க்கணும்" என்று தனியறைக்குக் கூப்பிடுவது, டீம் லிஸ்ட்டைக் காட்டி நடுராத்திரி மெசேஜ் அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். கிளப்பில் அப்படி ஒன்று இல்லையென்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு எழுதலாம். காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணைக்கு 90 நாள். பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் போக்சோ சட்டம் வந்துவிடும். அங்கே சமரசத்துக்கு இடமே இல்லை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், ஒவ்வொரு தேசியக் கூட்டமைப்பும் பாதுகாப்பான விளையாட்டுக்கான கொள்கை வைத்திருக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் நான்கு பெண்களாவது இருக்க வேண்டும் என்கிறது. தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயத்துக்கும் வழிசெய்கிறது. மேல்முறையீடு செய்ய ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இரண்டு ஓட்டக்காரர்களை வைத்துப் பார்க்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையின் முடிவு பத்திரிகைகளுக்குக் கசிந்தது, பதக்கம் பறிபோனது. பின்னாளில் அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்த செய்தி வந்தது. அவருக்காக அன்று யாரும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. ஒடிசாவின் டூட்டி சந்த் என்பவரை 2014-ல் இதே போல் ஒதுக்கி வைத்தார்கள். அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் 2015-ல் அந்த விதியையே நிறுத்தி வைக்கச் செய்தார். எந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தாலும் எதற்கு என்று கேளுங்கள், அறிக்கையின் பிரதியை வாங்குங்கள்.

ஊக்கமருந்து பற்றிச் சுருக்கமாக. ஜிம் அண்ணன் தரும் பவுடரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது என்பது வாதமாகாது. உடம்பில் இருந்தால் நீங்களே பொறுப்பு. சளி மாத்திரையைக்கூட டாக்டரிடம் "நான் போட்டியில் ஆடுபவள்" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஸ்போர்ட்ஸ் கோட்டா. பல பெண்கள் ஆட்டத்தை விடாமல் இருப்பதே இதை நம்பித்தான், அந்த நம்பிக்கை வீணும் அல்ல. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதமும், காவலர் தேர்வில் 10 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் எல்லாச் சான்றிதழும் செல்லாது. "நேஷனல்", "இன்டர்நேஷனல்" என்று பெயர் வைத்து, ஆளுக்கு இவ்வளவு கட்டணம் என்று வசூலித்து, பளபளக்கும் கப்பும் சான்றிதழும் கொடுக்கும் லெட்டர்பேடு சங்கங்கள் ஏராளம். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த கூட்டமைப்போடு இணைந்த மாநிலச் சங்கம் அனுப்பிய போட்டிதானா என்று பணம் கட்டும் முன் விசாரியுங்கள். காஞ்சிபுரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலர் இருக்கிறார், கேட்டால் சொல்வார். உண்மையான போட்டியாக இருந்தால் உரிய படிவத்தில் சங்கச் செயலாளரின் கையெழுத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். சங்கத் தேர்தல் முடிந்து செயலாளர் மாறிவிட்டால், பழைய கையெழுத்துக்கு வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.