கடகட டிராமும் பஞ்சு ரசகுல்லாவும்!

குட்டீஸ்... அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், "கொல்கத்தா" என்று சட்டென்று சொல்லிவிடுங்கள். அங்கே பார்க்க வேண்டிய ஒன்று மறைந்துகொண்டே வருகிறது. தின்ன வேண்டிய ஒன்று குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும்!

மறைந்து வருவது டிராம். சாலை நடுவே பதித்த தண்டவாளத்தில், 'டிங் டிங்' என்று மணியடித்தபடி அசைந்து அசைந்து வரும் மின்சார வண்டி. நம் சென்னையிலும் 1895 முதல் ஓடியது. இந்தியாவின் முதல் மின்சார டிராமே நம்முடையதுதான்! 1953ல் நிறுத்திவிட்டார்கள். கொல்கத்தாவில் 1873ல் குதிரைகள் இழுத்த டிராம், 1902ல் மின்சாரத்துக்கு மாறியது. இந்தியாவில் டிராம் மிச்சமிருக்கும் ஒரே ஊர் அதுதான். அங்கும் ஒரு சின்னத் தடத்தை மட்டும் பழமையின் அடையாளமாக வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024ல் அறிவித்தது. 'டிராம் வேண்டும்' என்று ஊர்க்காரர்கள் கோர்ட் வரை போனார்கள். எனவே போனதும் முதல் வேலையாக, எஸ்பிளனேடு பகுதியில் 'டிராம் எங்கே ஓடுகிறது' என்று விசாரித்து ஏறிவிடுங்கள். ஜன்னல் ஓரம் உங்களுக்கு, சரியா?

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போனால், ஒரு நாளுக்கு மேல் ரயிலிலேயே ஓடிவிடும். ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே இரும்பு மலை போல நிற்கும், ஹவுரா பாலம். 1943ல் திறந்தது. சுமார் 26,500 டன் எஃகு. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நட்டு, போல்ட்டும் கிடையாது. எல்லாம் ரிவெட் அடித்து இணைத்தது. இவ்வளவு பலசாலியையும் ஒன்று அரித்துவிட்டது. என்ன தெரியுமா? வெற்றிலை எச்சில்! போகிற வருகிறவர்கள் துப்பித் துப்பி, கம்பங்களின் அடியிலுள்ள இரும்பு உறை தேய்ந்துபோனது. கடைசியில் பைபர் கிளாஸ் மூடி போட வேண்டியதாயிற்று. சீச்சீ!

ஆற்றைக் கடக்க பாலத்தில் நடக்கலாம், படகில் போகலாம். 2024லிருந்து இன்னொரு வழியும் உண்டு. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயில்! தலைக்கு மேல் ஆறு ஓட, ஒரு நிமிடத்துக்குள் அக்கரை. போகும்போது நடந்து போங்கள், திரும்பும்போது மெட்ரோ. பாலத்தின் அடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தையைக் காலையில் பார்க்காமல் வராதீர்கள். மலை மலையாகச் சாமந்தி மாலைகள்!

பசிக்கிறதா? முதலில் 'புச்கா'. நம்ம ஊர் பானி பூரியின் வங்காள அண்ணன். மசித்த உருளைக்கிழங்கில் மிளகாய், புளி எல்லாம் பிசைந்து, பூரிக்குள் அடைத்து, புளித்தண்ணீரில் முக்கி, உங்கள் கையில் இருக்கும் இலைத் தொன்னையில் ஒவ்வொன்றாக வைப்பார் கடைக்காரர். நீங்கள் விழுங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கடைசியில் தண்ணீர் இல்லாத புச்கா ஒன்று இலவசம். கேட்டு வாங்குவது அங்கே வழக்கம், கூச்சப்படாதீர்கள். கூட்டம் மொய்க்கும் கடையாகப் பார்த்துச் சாப்பிட்டால் வயிற்றுக்கு நல்லது.

நடந்துகொண்டே கொறிக்க 'ஜால் முரி' இருக்கிறது. பொரியில் கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குலுக்கி, மேலே தேங்காய்த் துண்டு செருகித் தருவார்கள். கடுகெண்ணெய் முதல் வாயில் மூக்கைக் குத்தும். மூன்றாவது வாயில் பிடித்துவிடும்.

பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு பார்த்திருக்கிறீர்களா? ஆங்கிலேயர்கள் ஆட்சியைப் பறித்துக்கொண்டதால், லக்னோ நவாப் வாஜித் அலி ஷா 1856ல் கொல்கத்தா வந்து சேர்ந்தார். கூடவே சமையல்காரர்களும் வந்தார்கள். கையில் காசு குறைந்ததால் கறியைக் குறைத்து உருளையைப் போட்டார்கள் என்று ஒரு கதை. 'அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கே புதுசு; ருசிக்காகத்தான் போட்டார்கள்' என்பது இன்னொரு கட்சி. எது உண்மையோ, எனக்குக் கறியைவிட அந்தக் கிழங்குதான் பிடிக்கும்!

இந்தியாவின் மிகப் பழைய மியூசியம் (1814) இங்கேதான். உள்ளூர்க்காரர்கள் அதை 'ஜாதுகர்', அதாவது மாய வீடு என்பார்கள். எகிப்து மம்மி இருக்கும் வீடாயிற்றே! திங்கட்கிழமை லீவு. விக்டோரியா நினைவு மண்டபத்தின் உச்சியில் நிற்கும் 16 அடி தேவதைச் சிலை, பலமான காற்றடித்தால் சுழலும்படி செய்தது. ஊரை ஒட்டிய ஷிப்பூர் தாவரவியல் பூங்காவில் 250 வயதைத் தாண்டிய ஆலமரம். நோய் தாக்கியதால் அடிமரத்தை 1925ல் வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்றுவரை விழுதுகளே மரத்தைத் தாங்குகின்றன!

கடைசியாக ரசகுல்லா. பாக்பஜாரில் நபின் சந்திர தாஸ் 1868ல் செய்ததாக வங்காளிகள் சொல்வார்கள். 'எங்கள் பூரி ஜெகந்நாதர் கோயில் பிரசாதம் அது' என்று ஒடிசாக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வங்காள ரசகுல்லாவுக்கு 2017லும், ஒடிசா ரசகுல்லாவுக்கு 2019லும் புவிசார் குறியீடு கிடைத்தது.

வெள்ளை ரசகுல்லா வருடம் முழுக்க உண்டு. பழுப்பு நிறத்தில் இருந்தால் விடாதீர்கள். குளிரில் ஈச்சமரத்திலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சிய 'நோலன் குர்' வெல்லத்தில் செய்தது அது. நம்ம பனைவெல்லத்தின் ஒன்றுவிட்ட தம்பி! வெயில் ஏறினால் அந்தப் பதநீர் நின்றுவிடும். மே மாத லீவுக்குப் போனால் கிடைக்காது என்பதை மறக்காமல் அப்பாவிடம் சொல்லுங்கள்.