குதிரையும் துப்பாக்கியும் – 8: ஸ்கூட்டரிலிருந்து குதிரைக்கு

சென்ற வாரம் ஜெய்சங்கரோடு நிறுத்தியிருந்தோம். அவருக்குத் தெலுங்கில் ஓர் உடன்பிறப்பு இருந்தார் என்றே எனக்குத் தோன்றும். ஜெய்சங்கரின் முதல் படமான ‘இரவும் பகலும்’ 1965இல் வந்தது. தெலுங்கு நடிகர் கிருஷ்ணா நாயகனாக அறிமுகமான ‘தேனெ மனசுலு’வும் அதே ஆண்டுதான். 1966இல் இங்கே ‘வல்லவன் ஒருவன்’, அங்கே ‘கூடாச்சாரி 116’. இரண்டுமே துப்பறியும் படங்கள். 1972இல் இயக்குநர் கர்ணன் ‘கங்கா’வில் ஜெய்சங்கரைக் குதிரையேற்றினார். கிருஷ்ணா அதற்கு ஓராண்டு முன்பே தொப்பியும் பூட்ஸும் இடுப்பில் துப்பாக்கியுமாக ராஜஸ்தான் மணலில் இறங்கிவிட்டார். 1971 ஆகஸ்டில் வெளியான அவருடைய ‘மோசகாள்ளக்கு மோசகாடு’தான் இந்தியாவின் முதல் கௌபாய் படம் என்று பெரும்பாலோர் குறிப்பிடுகிறார்கள்.

கட்டமனேனி சிவராம கிருஷ்ணமூர்த்தி என்பது முழுப்பெயர். 1943 மே 31இல் தெனாலிக்கு அருகே புர்ரிபாலெம் கிராமத்தில் பிறந்தவர். ஏலூரு சி.ஆர். ரெட்டி கல்லூரியில் படிக்கும்போது அங்கே நடிகர் நாகேஸ்வர ராவுக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்ததும், நடிகனாவது என்று முடிவெடுத்துவிட்டார். சென்னைக்கு வந்து அலைந்தார். புதுமுகங்களை மட்டும் வைத்துப் படமெடுக்க நினைத்த ஆதூர்த்தி சுப்பாராவ் அவரைத் தேர்ந்தெடுத்தார்.

‘தேனெ மனசுலு’வில் ஒரு காட்சி உண்டு. ஓடும் காரை ஸ்கூட்டரில் துரத்திப் போகும் நாயகன், ஸ்கூட்டரை விட்டுவிட்டுக் காருக்குத் தாவுவான். டூப் போட்டு முடித்துவிடக்கூடிய அந்தக் காட்சியில் கிருஷ்ணாவே தாவினார். அதைக் கவனித்த தயாரிப்பாளர் டூண்டி, ‘கூடாச்சாரி 116’க்கு இவரைப் பிடித்தார். முகத்தை வைத்தோ வசன உச்சரிப்பை வைத்தோ வந்த வாய்ப்பு அல்ல அது. தயங்காமல் குதித்ததற்குக் கிடைத்தது.

என்.டி.ராமராவிடமும் நாகேஸ்வர ராவிடமும் இருந்த நடிப்பு வீச்சு கிருஷ்ணாவிடம் இல்லை. நடனமும் அவருக்குப் பெரிதாகக் கைவரவில்லை. ஆனால் கௌபாய் படம் நடிகனிடம் கேட்பதே வேறு. அதிகம் பேசாதே, நிதானமாக நில், எதிரியைக் கண்ணால் அள, கை மட்டும் வேகமாக இருக்கட்டும் என்பதுதான் அங்கே இலக்கணம். தன் பலம் எது என்று கிருஷ்ணாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை நான் நடிப்புத் திறனுக்குக் குறைவாக மதிப்பதில்லை.

அமெரிக்கர்களுக்குக் கௌபாய் நாயகன் வாராவாரம் வீட்டுக்குள் வந்தான். 1955இல் ‘கன்ஸ்மோக்’, 1959இல் ‘ராஹைட்’ என்று தொலைக்காட்சித் தொடர்கள் வரிசைகட்டின. ‘ராஹைட்’டில் மாடு மேய்க்கும் இளைஞனாக வந்த கிளின்ட் ஈஸ்ட்வுட், தொடரின் இடைவெளியில் ஸ்பெயினுக்குப் போய், செர்ஜியோ லியோனே என்ற இத்தாலியரின் படத்தில் நடித்தார். அந்தப் படத்தின் கதை ஜப்பானின் அகிரா குரோசவாவுடையது. இப்படி நாடு நாடாகக் கைமாறிய கதைகள்தான் 1960களின் கடைசியில் சென்னைத் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்தன. ஹைதராபாத்துக்கு தூர்தர்ஷன் நிலையம் வந்ததே 1977இல். ஆகவே தெலுங்கு மக்கள் கௌபாயை முதலில் கண்டதெல்லாம் கொட்டகையில்தான்.

கிருஷ்ணா சொந்தமாகத் தொடங்கிய பத்மாலயா நிறுவனத்தின் முதல் படம் ‘அக்னி பரீட்சை’ சரியாகப் போகவில்லை. கையைச் சுட்டுக்கொண்டவர் அடுத்து ஒரு குடும்பக் கதைக்குள் ஒதுங்கியிருக்கலாம். அவரோ தெலுங்கில் யாரும் தொடாத கௌபாய் வகைப் படத்தில் பணத்தைப் போட்டார். அதுதான் ‘மோசகாள்ளக்கு மோசகாடு’. இயக்கத்தை கே.எஸ்.ஆர். தாஸிடம் கொடுத்தார். விஜயலலிதாவைச் சண்டைக்கார நாயகியாக்கி ‘ரவுடி ராணி’யை எடுத்தவர் அவர். எழுதியவர் கவிஞர் ஆருத்ரா. தெலுங்கு இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதிய பெரும் புலமையாளர். அப்படிப்பட்டவர் லியோனே படங்களையும் ‘மெக்கன்னாஸ் கோல்டு’ பாணிப் புதையல் வேட்டையையும் எடுத்து, வெள்ளைக்காரர் காலத்து ஆந்திர சமஸ்தானம் ஒன்றின் மறைத்துவைத்த புதையலாக மாற்றினார். வெறும் நகலாக அது நிற்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான இரண்டு பெயர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். படத்தில் எல்லோரையும் ஏய்க்கும் நாகண்ணாவாக வந்து கைதட்டலை அள்ளிய நாகபூஷணம், எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தைத் தெலுங்கில் ஊர் ஊராக நடத்திப் புகழ்பெற்றவர். அந்த நாடகத்தின் பெயரே அவருக்கு அடைமொழியானது. இசையமைத்தவர் பி. ஆதிநாராயண ராவ். ‘அடுத்த வீட்டுப் பெண்’ணுக்கு அவ்வளவு இதமான மெட்டுகளைத் தந்த அதே மனிதர்தான் இங்கே குளம்படிக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் நடுவே வாசித்திருக்கிறார்.

படப்பிடிப்புக்கு பிகானீர் பக்கத்துப் பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வி.எஸ்.ஆர். சுவாமியின் கேமரா அந்த மணல்மேட்டை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. மேட்டின் விளிம்பில் முதலில் தொப்பி தெரியும், பிறகு குதிரையின் தலை, அப்புறம்தான் ஆள். விஜயநிர்மலா நாயகி. கிருஷ்ணாவை மணந்தவர், பின்னால் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர். அவருடைய வாழ்க்கைக்கே தனியாக ஒரு தொடர் எழுத வேண்டும்.

படம் நன்றாக ஓடியது. தமிழுக்கும் இந்திக்கும் போனது, ‘ட்ரெஷர் ஹன்ட்’ என்ற பெயரில் ஆங்கிலமும் பேசியது. 1972இல் மட்டும் கிருஷ்ணாவுக்குப் பதினெட்டுப் படங்கள் வெளியாயின. ஒரே நாளில் பல படப்பிடிப்புகளுக்கு ஓடிய காலம் அது. படம் நஷ்டமானால் தயாரிப்பாளரை மறுபடி அழைத்துத் தேதி கொடுப்பார் என்று தெலுங்குத் திரையுலகில் இன்றும் சொல்கிறார்கள். நம் ஜெய்சங்கரைப் பற்றியும் இதையே சொல்வார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

துணிந்து முதலில் குதிப்பது அவருக்குப் பழக்கமாகவே ஆனது. 1974இல் நூறாவது படமான ‘அல்லூரி சீதாராம ராஜு’வைத் தெலுங்கின் முதல் சினிமாஸ்கோப் படமாக எடுத்தார். நடுவிலேயே இயக்குநர் ராமச்சந்திர ராவ் காலமாகிவிட, மீதியைத் தாமே பொறுப்பேற்று முடித்தார். தெலுங்குத் திரையுலகம் சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த 1983இல், பாறைகள் நிறைந்த ஜூபிலி ஹில்ஸ் பகுதியில் பத்மாலயா ஸ்டுடியோவை எழுப்பினார். அங்கே பிரம்மாண்டமான அரங்குகள் போட்டு, தாமே இயக்கிய ‘சிம்ஹாசனம்’ 1986இல் தெலுங்கின் முதல் 70 எம்.எம். படமாக வந்தது. 1989இல் ஏலூரு தொகுதியில் காங்கிரஸ் எம்.பி. ஆனார். தான் படித்த ஊர்! 2009இல் பத்மபூஷண்.

2022 அவர் குடும்பத்துக்குக் கொடுமையான ஆண்டு. ஜனவரியில் மூத்த மகன் ரமேஷ் பாபு, செப்டம்பரில் முதல் மனைவி இந்திரா, நவம்பர் 15இல் கிருஷ்ணா. அவரது உடலை மக்கள் பார்வைக்கு வைத்தது பத்மாலயா ஸ்டுடியோவில்தான்.

மகன் மகேஷ் பாபு 2002இல் ‘டக்கரி தொங்கா’வில் கௌபாய் வேடம் போட்டபோது, கிருஷ்ணாவும் ஒரு சிறு வேடத்தில் வந்துபோனார். 2023 மே 31இல், அவர் இல்லாத முதல் பிறந்தநாளன்று, ‘மோசகாள்ளக்கு மோசகாடு’ புதுமெருகேற்றிய 4கே பிரதியாகத் திரையரங்குகளுக்கு வந்தது. ஐம்பத்திரண்டு ஆண்டுக்கு முந்தைய படத்துக்கு, அது வந்தபோது பிறந்திராத பிள்ளைகள் டிக்கெட் வாங்கினார்கள்.

நம் நாட்டில் தொலைக்காட்சியிலேயே பிறந்த ஒரு கௌபாயும் உண்டு. சானல் வி உருவாக்கிய ‘க்விக் கன் முருகன்’ அவன். பின்னால் அவன் பெரிய திரைக்குப் போனபோது, அந்த வேடத்தைக் கட்டியவரும் ஒரு தெலுங்கு நடிகர்தான்: ராஜேந்திர பிரசாத். அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)