மனத்துக்குள் ஒரு குறுக்கு விசாரணை

கடைத்தெருவில் உங்கள் சிநேகிதி எதிரே வருகிறாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். அவளோ பாராமலே போய்விடுகிறாள். 'நான் என்ன தப்பாகப் பேசினேனோ!' என்று பதறுகிறீர்கள். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. 'என்னை யாருக்குமே பிடிக்காது' என்பதில் போய் முடிகிறது.

அவள் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கலாம், அல்லவா?

உங்களை வாட்டியது சிநேகிதி அல்ல, அவளைப் பற்றி உங்களுக்குத் தோன்றிய எண்ணம். இந்தச் சின்ன விஷயத்தின் மேல் ஒரு பெரிய மனோவைத்திய முறையே எழும்பியிருக்கிறது. 'சி.பி.டி.' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துச் சீராக்கும் சிகிச்சை என்று பொருள்.

இதற்கு வித்திட்டவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஆரன் பெக். சிறு வயதில் நோயினால் பள்ளியில் பின்தங்கி, 'நான் மண்டு' என்று நம்பிக் கிடந்தவர். பிறகு அக்கறையாகப் படித்து, அந்த நம்பிக்கை பொய் என்று கண்டுகொண்டவர்.

மனச்சோர்வு என்பது உள்ளே திரும்பிய கோபம் என்பது பிராய்டின் கொள்கை. அதை நிரூபிக்க நோயாளிகளின் கனவுகளை ஆராயப் புகுந்தார் பெக். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஆனால் நல்ல பூதம்! கனவுகளில் கோபத்தைக் காணோம். தோல்வியும் ஏமாற்றமுமே நிறைந்திருந்தன. விழித்திருக்கும்போதும், 'நான் உதவாக்கரை', 'இனி எதுவும் சரியாகாது' என்று எண்ணங்கள் மின்னலாய் ஓடுவதை 1960களில் அவர் கவனித்தார். நோயாளிகள் அவற்றைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை, அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

சிகிச்சைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன நடந்தது, என்ன தோன்றியது, மனம் நூற்றுக்கு எத்தனை பங்கு வாடியது என்று நோயாளி எழுதி வரவேண்டும். பிறகு டாக்டரும் அவரும் சேர்ந்து வக்கீல் மாதிரி விசாரிப்பார்கள். இதற்குச் சாட்சி என்ன? எதிர்ச்சாட்சி உண்டா? வேறு காரணம் இருக்கக்கூடாதா? எண்ணம் உண்மை என்றே தெரிந்தால், அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க வழி தேடுவார்கள். 'எல்லாம் நல்லபடி நடக்கும்' என்று தட்டிக்கொடுப்பது இதில் கிடையாது.

விசாரணை பாதிதான், மீதிப் பாதி செய்து பார்ப்பது. இதற்கு நல்ல உதாரணம் நியூயார்க் ஆல்பர்ட் எல்லிஸ். 1955ல் இதைப் போன்றதொரு முறையைத் தொடங்கியவர். 19 வயதில் பெண்களோடு பேசவே நடுங்குவாராம். அந்தப் பயத்தை விரட்ட, ஒரு மாதம் பூங்காவுக்குப் போய், பெஞ்சில் தனியே இருந்த 130 பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்தார். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேருடன் பேசினார். ஒருத்தி மட்டும் மறுபடி சந்திக்கச் சம்மதித்தாள், அவளும் வரவில்லை! ஆனால் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை. பயம் ஓடிவிட்டது. (நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு பரீட்சை தேடிக்கொள்ளட்டும்!)

மனச்சோர்வில் படுத்துவிட்டவர்களுக்குப் பரீட்சை சிறியது: இன்று குளிப்பது, நாளை பத்து நிமிஷம் நடப்பது. 'என்னால் ஒன்றும் முடியாது' என்ற எண்ணத்துக்கு அதுவே எதிர்ச்சாட்சி.

வாரம் ஒரு முறை வீதம், பெரும்பாலும் 12 முதல் 20 தடவைகளில் சிகிச்சை முடிந்துவிடும். 1977ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மனச்சோர்வு மாத்திரைக்கு இது சளைத்ததல்ல என்று தெரிந்தது. நோய் கடுமையானால் மாத்திரையும் சேர்த்தே தருவார்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வீட்டில் யாராவது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று சொன்னால், அதை அலுப்பில் வந்த பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். "பைத்தியக்காரப் பேச்சு" என்று அடக்கவும் வேண்டாம். தனியே விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். விசாரணை இல்லாமல் தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொண்டவரின் குரல் அது.