ஆறே வாரத்தில் ஏறும் அழுத்தம்

பிறந்து நான்கு நாளான, ஆரோக்கியமான குழந்தைக்கு ரத்த அழுத்தம் பார்த்தால் மேல் அளவு 76 என்று வரலாம். பெரியவருக்கு இந்த எண் வந்தால் வீடே பதறிவிடும். பச்சிளங்குழந்தைக்கோ அதுதான் இயல்பு.

கருவில் இருக்கும்வரை சிசுவின் இதயத்துக்கு வேலை ஓரளவு எளிது. ரத்தத்தின் கணிசமான பங்கு தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடிக்குப் போய்வரும். அந்தப் பாதையில் தடை மிகக் குறைவு. நுரையீரல் இன்னும் விரியாததால் அங்கே போகும் ரத்தம் சொற்பம். உடம்புக்கு ரத்தம் அனுப்பும் வேலையை இதயத்தின் வலது, இடது கீழறைகள் இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. பிறந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. முதல் மூச்சில் நுரையீரல் விரிகிறது, தொப்புள்கொடி கட்டப்படுகிறது, தடையற்ற பாதை ஒரேயடியாக மூடிக்கொள்கிறது. இனி உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புவது இடது கீழறையின் பொறுப்பு. அதன் தசைச்சுவர் வாரத்துக்கு வாரம் தடிக்கிறது. அழுத்தமும் கூடவே ஏறுகிறது.

அந்த ஏற்றம் எவ்வளவு வேகமானது என்பதை இங்கிலாந்தில் நடந்த பிராம்ப்டன் ஆய்வு 1980-இல் காட்டியது. விழித்திருந்த குழந்தைகளின் சராசரி மேல் அழுத்தம் நான்காம் நாளில் 76. ஆறாவது வாரத்தில் 96. அதன்பின் முதல் பிறந்தநாள்வரை பெரிய மாற்றமே இல்லை! ஆறு வாரத்தில் 20 புள்ளி ஏறிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. எனக்கு இது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இதை அளப்பதும் லேசல்ல. ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் 1905-இல் சொன்ன முறைப்படி ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால், குழந்தையின் கையில் அந்தச் சத்தம் சரியாகப் பிடிபடாது. அதனால் பிராம்ப்டன் ஆய்வாளர்கள் டாப்ளர் ஒலியலைக் கருவியை நாடினார்கள். இன்று மருத்துவமனைகளில் தமனியின் அதிர்வைப் பிடிக்கும் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அழுதால், பால் குடித்தால் ஏறும், தூங்கினால் இறங்கும். ஒரே ஒரு முறை எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. சந்தேகம் இருந்தால் காலிலும் பார்ப்பார்கள்: கையைவிடக் காலில் அழுத்தம் தெளிவாகக் குறைந்திருந்தால் மகாதமனி எங்கோ குறுகியிருக்கக்கூடும். அதை உடனே ஆராய வேண்டும்.

ஆரோக்கியமான குழந்தைக்கு மூன்று வயதுமுதல் ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்த்தால் போதும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டி. ஆனால் 32 வாரத்துக்குள் பிறந்தவர்கள், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், பிறவி இதயநோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அதுவரை காத்திருக்கக்கூடாது.

வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய பிரஷர் மெஷினைக் குழந்தையின் கையில் சுற்றிப் பார்க்காதீர்கள். அதில் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. உங்கள் குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால், அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.